நிற்கும் இடமே படம்

நம்மவர் வீடுகளில் இப்போது படத்துக்குப் பஞ்சமில்லை. பொங்கல் விழா முடிந்த மறுநாள் காலைக்குள் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் நூறு படமாவது வந்து சேர்ந்துவிடுகிறது. ஊரிலிருந்து பெரியப்பா, பெரியம்மா வந்தால் குதுப்மினார், இந்தியா கேட், ஆக்ரா என்று ஒரு முந்நூறு. அவற்றை ஊரில் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்புகிறோம். அவர்களும் பார்த்துவிட்டுக் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்புகிறார்கள். அதோடு சரி. இரண்டாவது முறை எடுத்துப் பார்க்கத் தோன்றும் படம் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் தேறும்.

காரணம் கேட்டால், "காமிரா சரியில்லை, அடுத்த மாடல் வாங்கணும்" என்கிறார்கள் பிள்ளைகள். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. காமிராக்கள் நன்றாகவே இருக்கின்றன. எடுப்பவர் எங்கே நிற்கிறார் என்பதில்தான் கோளாறு. வரைபடக்காரர்கள் பெர்ஸ்பெக்டிவ் என்று சொல்லும் ஆழத் தோற்றத்தையும், மறைபுள்ளி என்ற ஒன்றையும் தெரிந்துகொண்டு நாலடி நகர்ந்து நின்றால், கையில் இருக்கும் காமிராவே போதும் என்பது என் கருத்து. எங்கே நிற்கலாம் என்பதோடு எங்கே நிற்கவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்டவாளப் பராமரிப்பில் காலம் முழுதும் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அது என் கடமை.

முதலில் மறைபுள்ளி. நமது அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் உள்ள இடைவெளி 1676 மி.மீ. நிஜாமுதீனிலும் அதேதான், நாகர்கோவிலிலும் அதேதான். ஆனால் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால், தூரம் போகப் போக அந்த இடைவெளி குறுகி, கண்ணுக்கெட்டிய தொலைவில் ஒரு புள்ளியில் சேர்ந்துவிடுவதாகத் தெரிகிறது. அதுதான் மறைபுள்ளி. கணக்கு எளிது. ஒரு பொருள் இரண்டு மடங்கு தூரம் போனால் பாதி அளவாகத் தெரியும். பத்து மடங்கு தூரம் போனால் பத்தில் ஒரு பங்காகத் தெரியும். ஒரே திசையில் இணையாகப் போகும் கோடுகள் எல்லாம், அதாவது தண்டவாளம், பிளாட்பார விளிம்பு, கூரையின் ஓரம், மேலே போகும் மின்கம்பி எல்லாமே, ஒரே புள்ளியை நோக்கித்தான் ஓடும். சமதரையில் அந்தப் புள்ளி பார்ப்பவருடைய கண்ணின் உயரத்தில் இருக்கும். அவர் உட்கார்ந்தால் அதுவும் இறங்கும். மேம்பாலத்தில் ஏறினால் அதுவும் ஏறும்.

இதை முறைப்படி செய்து காட்டியவர் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் இருந்த புருனெல்லஸ்கி என்ற கட்டடக் கலைஞர். 1435-இல் ஆல்பர்ட்டி என்பவர் அதை ஓவியர்களுக்கான நூலாக எழுதி வைத்தார். பாலிடெக்னிக்கில் டி-ஸ்கொயரும் செட்-ஸ்கொயரும் வைத்துப் படம் போட்டவர்களுக்கு நினைவிருக்கும்: பெர்ஸ்பெக்டிவ் படம் போடுவதற்கு முன்பு, பார்ப்பவர் நிற்கும் புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டடத்தின் அளவில் ஒன்றையும் மாற்றாமல் அந்தப் புள்ளியை மட்டும் நகர்த்தினால் படம் முழுதும் மாறிவிடும். காமிராவும் அதே டிராயிங் போர்டுதான்.

இது படக்காரர்களுக்கு மட்டுமான சங்கதி இல்லை. லைனில் கேங்குக்குத் தலைமை தாங்கும் மேட், தண்டவாளம் நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார் தெரியுமா? சற்றுத் தள்ளிப் போய்க் குனிந்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் நீளவாக்கில் பார்ப்பார். நின்றபடி பார்த்தால் யாருக்கும் தெரியாத சின்னப் பிசகு அப்போது பளிச்சென்று தெரியும். நீளம் சுருங்கித் தெரிவதால் பக்கவாட்டு வளைவு எடுப்பாகிவிடுகிறது. அங்கிருந்தே கையை இடமும் வலமும் காட்டி, கடப்பாரையோடு நிற்பவர்களைத் தண்டவாளத்தை நகர்த்தச் சொல்வார். எந்த ஓவியப் பள்ளிக்கும் போகாத அவருக்கு, கண்ணை எங்கே வைத்தால் எது தெரியும் என்பது அத்துபடி. படம் எடுப்பவருக்கும் இதுதான் முதல் பாடம்.

பெர்ஸ்பெக்டிவை லென்ஸ் தீர்மானிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதைத் தீர்மானிப்பது தூரம். நின்ற இடத்தில் நின்றுகொண்டே ஜூம் செய்வது, படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதற்குச் சமம். எது எதை மறைக்கிறது, எது எதைவிட எத்தனை மடங்கு பெரிது என்பது அதனால் மாறாது. அது மாற வேண்டுமானால் நாம் நகர வேண்டும்.

முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கின் நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். காமிராவை மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. ஆக, காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாக விழும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் 8 சதவீதம்தான். கைப்பேசியைக் கிட்டே பிடித்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "நான் இப்படியா இருக்கேன்?" என்று பெரியம்மா வருத்தப்பட்டால் அவர் முகத்தில் குறை இல்லை. இரண்டடி தள்ளிப் போங்கள். வேண்டுமானால் பிறகு ஜூம் செய்யுங்கள்.

குடும்பப் படத்திலும் இதே கதைதான். கைப்பேசியின் சாதாரண லென்ஸே அகலமாகப் பார்க்கக் கூடியது. பத்துப் பேரையும் உள்ளே அடக்கவேண்டும் என்று கிட்டே நின்று எடுத்தால், ஓரத்தில் இருப்பவர்களின் தலை பக்கவாட்டில் இழுபட்டுவிடும். நம் வீடுகளில் பெரும்பாலும் ஓரத்தில் நிற்பவர் யார்? "நீங்க எல்லாம் உட்காருங்க, நான் இப்படி நின்னுக்கறேன்" என்று ஒதுங்கும் பாட்டிதான். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் பெரியவர்களை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நண்டும் சிண்டும் தரையில் இருக்க, தாங்கள் தள்ளி நின்று எடுத்தார்கள். அதில் மரியாதையும் இருந்தது, கணக்கும் இருந்தது. நம் பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு இருப்பது வருடத்தில் பதினைந்து நாளோ, இருபது நாளோ. மற்ற நாட்களில் அவர்களுக்குத் தாத்தா பாட்டி என்றால் படத்தில் இருக்கும் அந்த முகம்தான். அது கோணலாக இருக்கலாமா?

விருந்தாளிகளை ஆக்ராவுக்கு அழைத்துப் போகும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். தாஜ்மகாலுக்கு முன்னால் இருக்கும் பெரிய வாயிலின் வளைவுக்குள் தாஜ் தெரியும். வளைவை நோக்கி முன்னே நடந்தால் தாஜ் சிறுத்துப் பின்வாங்குவது போலவும், பின்னால் வந்தால் பெருத்து நெருங்குவது போலவும் தோன்றும். வழிகாட்டிகள் இதை ஏதோ மாயம் போலச் சொல்வார்கள். மாயம் ஒன்றுமில்லை. வாயிலிலிருந்து தாஜ் ஏறக்குறைய 300 மீட்டர். வளைவிலிருந்து 10 மீட்டர் பின்னால் நிற்கும் நீங்கள் 5 மீட்டர் முன்னே போனால், வளைவு இரண்டு மடங்கு பெரிதாகிறது. தாஜோ 310 மீட்டரிலிருந்து 305 மீட்டருக்குத்தான் வந்திருக்கிறது. அதன் அளவு மாறவே இல்லை என்று சொல்லலாம். சட்டம் பெரிதானதால் உள்ளே இருப்பது சிறுத்ததாகத் தோன்றுகிறது. ஆகவே வளைவு நிறையத் தாஜ் வேண்டுமென்றால் முன்னே ஓடக்கூடாது, பின்னே வரவேண்டும். ஆளையும் தாஜையும் சேர்த்து எடுப்பதற்கும் இதே கணக்குதான். ஆளோடு சேர்ந்து நீங்களும் முன்னே போகவேண்டாம். அவரை அங்கேயே நிறுத்திவிட்டு நீங்கள் பின்னால் வந்து ஜூம் செய்யுங்கள். அவருக்குப் பின்னால் தாஜ் கம்பீரமாக எழுந்து நிற்கும்.

தில்லியிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக இருக்கும் கட்டடத்தை லட்யன்ஸ் வடிவமைத்தார். அதன் முன்னால் இருபுறமும் நிற்கும் செயலகக் கட்டடங்களை பேக்கர் வடிவமைத்தார். ரைசினா குன்றில் ஏறும் சாலையின் சரிவு பற்றி இருவருக்கும் பெரும் சண்டை மூண்டது. இந்தியா கேட் பக்கமிருந்து பார்த்தால் மாளிகை தெரிகிறது. நெருங்கி விஜய் சௌக்குக்கு வந்தால், சாலையின் ஏற்றம் மறைத்துவிட, கும்மட்டத்தின் மேல்பகுதி மட்டும்தான் மிஞ்சுகிறது. அந்தச் சரிவுக்கு முதலில் சம்மதித்திருந்த லட்யன்ஸ், பின்னால் அதன் விளைவைக் கண்டு எவ்வளவோ வாதாடியும் அதை மாற்ற முடியவில்லை. 2022-இல் கர்த்தவ்ய பாதை என்று பெயர் மாறிய அந்தச் சாலையில் நடந்து பார்த்தால் இன்றும் இதை நேரில் காணலாம். அவ்வளவு பெரிய மாளிகையையே காட்டவும் மறைக்கவும் நிற்கும் இடத்தால் முடிகிறது என்றால், நம் வீட்டுப் படம் எம்மாத்திரம்!

சரி, மறைபுள்ளியைப் படத்தில் எங்கே வைப்பது? கோடுகள் ஓடும் இடத்துக்குத்தான் பார்ப்பவர் கண்ணும் ஓடும். இத்தாலியின் மிலான் நகரில் லியனார்டோ 1490-களில் வரைந்த 'கடைசி விருந்து' ஓவியத்தில், சுவரும் கூரையும் காட்டும் கோடுகள் எல்லாம் ஏசுவின் தலையில் போய்ச் சேர்கின்றன. பதின்மூன்று பேர் இருக்கும் படத்தில் யார் முக்கியம் என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. நாம் அந்த அளவுக்கு மெனக்கெட வேண்டாம். மறைபுள்ளி காமிராவின் உயரத்தில் இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? யாரை எடுக்கிறோமோ அவர் கண்ணின் உயரத்துக்குக் காமிராவைக் கொண்டுவந்தால் போதும். வராந்தாவின் கோடுகளும், தூண் வரிசையும், மர வரிசையும் தாமாகவே அவர் முக உயரத்துக்கு வந்து சேரும். குழந்தையை எடுக்கும்போது முழங்காலிடுங்கள். தாத்தா நாற்காலியில் இருந்தால் நீங்கள் ஒரு முக்காலியில் உட்காருங்கள். நின்றபடியே எடுத்தால் எல்லாக் கோடுகளும் குழந்தையின் தலைக்கு மேலே ஓடிவிடும். படத்தில் தரைதான் அதிகம் இருக்கும்.

இன்னொன்று: மறைபுள்ளி எப்போதும் நட்டநடுவில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தாஜின் நீர்த்தொட்டியைப் போல இருபுறமும் ஒத்திருக்கும் இடத்தில் சரியாக நடுக்கோட்டில் நில்லுங்கள். அரையடி விலகினாலும் அது பிசகாகத் தெரியும். மதுரைத் திருமலை நாயக்கர் மகால் போன்ற தூண் வரிசையில், ஒரு பக்கம் ஒதுங்கி நின்று மறைபுள்ளியைப் படத்தின் மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் தூண்களின் வரிசை நீண்டு ஓடுவது தெரியும். உயரமான கட்டடத்தைக் கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் செங்குத்துக் கோடுகளும் மேலே ஒரு மறைபுள்ளியை நோக்கிச் சாயத் தொடங்கும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் பின்பக்கம் சரிவது போல் விழுவது இதனால்தான். தள்ளிப் போய், காமிராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தால் விமானமும் நேராக நிற்கும்.

பொறியியல் படித்தவனுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக ஒரு பெயரைச் சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் கட்டடங்களைப் படம் எடுத்துப் புகழ்பெற்ற ராஜா தீன் தயாள் (1844–1905) ரூர்க்கியில் பொறியியல் படித்தவர். இந்தூரில் பொதுப்பணித் துறையில் எஸ்டிமேட் போடுவதிலும் வரைபடம் வரைவதிலும் இருந்தவர். டிராயிங் போர்டில் பழகிய கண் காமிராவுக்கு வீண் போகவில்லை.

"இதெல்லாம் எதற்கு சார், எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாமே" என்று இளைஞர்கள் சொல்வார்கள். சாய்ந்த கோட்டை நிமிர்த்தலாம், பின்னணியை மங்கலாக்கலாம், உண்மைதான். ஆனால் நீங்கள் நின்ற இடத்திலிருந்து தெரியாத ஒன்றை எந்தக் கருவியும் பார்த்திருக்காது. இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு, மறைந்த பகுதியைத் தானே கற்பனை செய்து வரைந்து நிரப்பிவிடும். அது அழகாகவும் இருக்கலாம். ஆனால் அன்றைக்கு அங்கே இருந்ததற்கு அது சாட்சி ஆகாது. குடும்பப் படம் என்பது சாட்சிதானே?

இனி, நிற்கவே கூடாத இடம். கல்யாணத்துக்கு முன்பு ஜோடியாக வெளியே போய்ப் படம் எடுக்கும் வழக்கம் நம் குடும்பங்களிலும் வந்துவிட்டது. அதில் ஒரு படமாவது தண்டவாளத்தின் நடுவே கைகோத்து நடப்பது போல் இருக்கவேண்டும் என்று சில போட்டோகிராபர்கள் சொல்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் தாமாகவே போய் நிற்கிறார்கள். ஏன் என்பது எனக்குப் புரிகிறது. மறைபுள்ளிக்குத் தண்டவாளத்தைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. ஆனால் "ரயில் வந்தால் தெரியாதா, விலகிக்கொள்வோம்" என்று சொல்பவருக்குப் பெர்ஸ்பெக்டிவ் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் விநாடிக்கு 30 மீட்டர் கடக்கிறது. எஞ்சினின் முகம் சுமார் 3 மீட்டர் அகலம். 900 மீட்டர் தூரத்தில், அதாவது 30 விநாடிக்கு முன்னால், அது எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை நீட்டி விரல் நுனியில் பிடித்த கடுகு அளவு. 15 விநாடி கழித்து அது 450 மீட்டரில் இருக்கும்போது மிளகு அளவு. இன்னும் ஏழரை விநாடி போனால் 225 மீட்டரில் கொண்டைக்கடலை அளவு. பாக்கி இருப்பது ஏழரை விநாடிதான். முதல் 15 விநாடியில் கடுகு மிளகானதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. கடைசி ஏழரை விநாடியில் கொண்டைக்கடலை மலையாகிவிடுகிறது. குறுக்கே போகும் ரயிலின் வேகம் கண்ணுக்குத் தெரியும். நேராக நம்மை நோக்கி வரும் ரயில் இடமோ வலமோ நகர்வதில்லை, மறைபுள்ளியிலேயே அசையாமல் நிற்பது போல் இருக்கும். கைப்பேசியின் திரையில் பார்த்தாலோ அந்தக் கடுகு இன்னும் சிறிது. இதில் காமிராவைப் பார்த்து நிற்பவர்களுக்கு ஒரு திசை முதுகுப் பக்கம். எடுப்பவருக்கு எதிர்த்திசை முதுகுப் பக்கம்.

சத்தம் கேட்குமே என்பார்கள். முன்பெல்லாம் தண்டவாள இணைப்புகளின் மேல் சக்கரம் ஏறி இறங்கும் தடக் தடக் ஓசை தூரத்திலேயே கேட்கும். இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிட்டோம், எஞ்சின்களும் மின்சாரத்தில் ஓடுகின்றன. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் ரயில் ஓசை அடங்கித்தான் வருகிறது. பக்கத்து லைனில் இன்னொரு ரயில் போய்க்கொண்டிருந்தால் அந்த ஓசையும் கேட்காது. நிஜாமுதீன்–ஆக்ரா இடையே 2016-இல் கதிமான் எக்ஸ்பிரஸ் மணிக்கு 160 கி.மீ. வேகத்தோடு அறிமுகமானது. அந்த வேகத்தில் 900 மீட்டர் என்பது 20 விநாடி. ஓட்டுநர் உங்களைப் பார்த்து அவசர பிரேக் போட்டாலும் ரயில் நிற்பதற்குப் பல நூறு மீட்டர் வேண்டும். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் லைனில் அத்துமீறி நுழைவது குற்றம் என்று வைத்திருப்பது படம் எடுப்பவர்களைத் தொல்லைப்படுத்த அல்ல.

மறைபுள்ளி வேண்டுமென்றால் வேறு இடமா இல்லை? பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்றாலும் அதே கோடுகள் அதே புள்ளிக்குத்தான் போகின்றன. 2023-இல் திறக்கப்பட்ட ஹூப்ளி நிலையத்தின் பிளாட்பாரம் 1507 மீட்டர் நீளம். அதைவிட நீண்ட கோடு ஒரு படத்துக்கு எதற்கு? நடைமேம்பாலத்தின் நடுவிலிருந்து எடுத்தால் எல்லா லைன்களும் விசிறி போல் விரிந்து கிடப்பது கிடைக்கும். ரயிலே வேண்டாமென்றால் லோதி தோட்டத்தின் மர வரிசை இருக்கிறது, பள்ளிக்கூட வராந்தா இருக்கிறது, நம் குடியிருப்பின் மாடி நடைவழி இருக்கிறது.

முடிவாக மூன்று வேண்டுகோள். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் போட்டோகிராபரிடம் முன்பணம் கொடுக்கும்போதே, தண்டவாளத்தில் நின்று எடுக்கும் படம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொல்ல வேண்டியவர்கள் பெற்றவர்கள்தான். இரண்டாவது, நம் சங்கம் புகைப்படப் போட்டி நடத்தும்போது, லைனுக்குள் இறங்கி எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்கப்படாது என்று ஒரு விதி சேர்க்கவேண்டும். மூன்றாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உட்காரவைத்து, காகிதமும் ஸ்கேலும் கொடுத்து மறைபுள்ளி போடக் கற்றுக்கொடுக்கலாம். ஒரு மணி நேரம் போதும். கற்றுக்கொடுக்க என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். ஸ்கேலும் பென்சிலும் நாங்களே கொண்டுவருகிறோம்.